நிலத்தோடு இசையும் நவீன வீடு: தோற்றத்துக்கு முன் தீர்மானிக்க வேண்டியவை

"இயற்கையோடு இயைந்த வீடு" என்ற தொடர் வீட்டுமனை விளம்பரங்களிலும் கட்டடக்கலை இதழ்களிலும் அடிக்கடி கண்ணில் படுகிறது. சுவர் முழுவதும் கண்ணாடி பதித்துக் காட்டைப் பார்த்தபடி நிற்கும் வீட்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த வீட்டுக்கும் உண்டு. கூரையில் சூரிய மின்தகடு பொருத்திய சாதாரண கான்கிரீட் வீட்டுக்கும் உண்டு. ஒன்றோடொன்று பொருந்தாத இவை அனைத்தும் ஒரே பெயரில் வழங்குவதால், வீடு கட்ட முனைபவர் எதை முதலில் தீர்மானிப்பது, எதற்குச் செலவிடுவது, எதை விட்டுக்கொடுப்பது என்பது தெளிவில்லாமல் போகிறது. அந்தத் தெளிவை அடிப்படையிலிருந்து எட்ட முயல்கிறது இக்கட்டுரை.

இசைவின் மூன்று அடுக்குகள்

ஒரு வீடு தன் சுற்றுப்புறத்தோடு கொள்ளும் உறவை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. நிலத்தின் இயக்கம்: மழைநீர் மண்ணுக்குள் இறங்குவது, மிஞ்சிய நீர் சரிவில் வழிந்தோடுவது, மரங்களின் வேர்கள் மண்ணிலிருந்து காற்றையும் நீரையும் பெறுவது, பறவைகளும் பூச்சிகளும் நடமாடுவது ஆகியவை வீடு எழுந்த பின்னரும் பெருந்தடையின்றித் தொடர்தல்.

2. தட்பவெப்பம்: வெயில், நிழல், காற்று, மண்ணின் குளிர்ச்சி ஆகியவற்றைக் கொண்டே வீட்டின் உட்புறத்தை இயன்றவரை வசதியாக வைத்திருத்தல், இயந்திரங்களைத் துணையாக மட்டும் கொள்ளுதல்.

3. காட்சி: வீட்டின் உயரம், வடிவம், நிறம், பொருள் ஆகியவை சுற்றியுள்ள நிலக்காட்சியை அடக்கி ஆளாமல் அதற்குள் அமைதல்.

பெரும்பாலான வீடுகளின் வடிவமைப்பு மூன்றாவது அடுக்கில் தொடங்குகிறது. முகப்பின் படம் முதலில் வரையப்படுகிறது. பிறகு அந்த முகப்புக்கு ஏற்ப அறைகள் அடுக்கப்படுகின்றன. கடைசியில், வரைந்த வீடு உட்காரும்படி நிலம் வெட்டிச் சமப்படுத்தப்படுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதற்கு உறுதியான காரணம் ஒன்று உண்டு. மூன்று அடுக்குகளில் பின்னால் திருத்த முடியாதது முதலாவதுதான். பூசிய வண்ணத்தை மாற்றலாம். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு சேர்க்கலாம். வெட்டிய மரத்தையும் நசுங்கிய மேல்மண்ணையும் தடம் மாறிய நீரோட்டத்தையும் ஒரு தலைமுறைக்குள் மீட்பது அரிது. எனவே திருத்த இயலாதவற்றை முதலிலும் எளிதில் திருத்தக்கூடியவற்றைக் கடைசியிலும் தீர்மானிப்பதே முறை. இக்கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

காட்சி மட்டும் போதாது என்பதற்கு உலகப் புகழ் பெற்ற வீடு ஒன்றே சான்று. ஜெர்மனியில் பிறந்த கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் 1951-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஃபார்ன்ஸ்வொர்த் வீடு, நான்கு புறமும் கண்ணாடியாலானது. மரங்களுக்கிடையே மிதப்பதுபோல் நிற்பது. ஆற்று வெள்ளத்தைக் கருதியே அதன் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டர் உயர்த்தப்பட்டது. அந்த உயரம் போதவில்லை. 1954, 1996, 2008 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களில் நீர் வீட்டுக்குள் புகுந்தது. 1996-இல் கண்ணாடிகளும் உடைந்தன. ஒற்றைக் கண்ணாடிச் சுவர்களால் கோடையில் உள்ளே வெப்பம் தேங்கியது; குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர்த்துளிகள் படிந்தன. கண்ணுக்கு இயற்கையோடு இவ்வளவு நெருங்கி நிற்கும் வீடுகள் சிலவே. ஆற்றின் போக்கோடும் வெயிலின் போக்கோடும் அது கொண்ட உறவோ கடினமானதாகவே இருந்தது.

நிலத்தைப் படித்தல்

வடிவமைப்பின் முதல் வேலை வரைவதாகாது. அளப்பதும் கவனிப்பதுமே ஆகும். மனையின் நீள அகலங்களை மட்டும் குறிக்கும் படம் இதற்குப் பயன்படாது. கீழ்க்காண்பவை ஒரே வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

1. சம உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைக்கும் கோடுகள் இவை. வீட்டுமனைக்கு அரை மீட்டர் இடைவெளியில் வரைவது நலம். கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்தான சரிவு. விலகியிருக்கும் இடம் ஏறத்தாழச் சமதளம்.

2. மழைநீரின் தடங்கள். இவற்றை வரைபடத்திலிருந்து ஊகிக்கலாம் என்றாலும், பெருமழை பெய்யும்போது நிலத்தில் நின்று பார்ப்பதற்கு ஈடாகாது. மேல் நிலத்திலிருந்து நீர் எங்கே உள்ளே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்ற மூன்றையும் குறிக்க வேண்டும்.

3. மரங்கள். ஒவ்வொன்றின் இடம், இனம், அடிமரத்தின் விட்டம், கிளைகளின் பரப்பு.

4. காற்றின் திசை, பருவத்துக்குப் பருவம். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவு பொதுவான திசையைத் தரும். குன்றும் மரவரிசையும் அந்தத் திசையை மனைக்குள் மாற்றிவிடும்.

5. மண்ணின் வகை, பாறையின் ஆழம், நிலத்தடி நீர்மட்டம். களிமண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். மணல் நீரை எளிதில் விடும். அடித்தளத்தின் வகையை இவையே தீர்மானிக்கின்றன.

6. ஏற்கெனவே சிதைந்துள்ள பகுதிகள். பழைய கட்டடத்தின் அடித்தளம், வண்டித்தடம், மண் எடுத்த பள்ளம் போன்றவை.

ஆறாவதைப் பலரும் குறிப்பதில்லை. ஆனால் வீட்டை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு மிகப் பெரிய விடை அங்கேதான் இருக்கிறது. மனையில் அழகான இடம் எதுவோ அங்கே வீட்டைக் கட்ட விரும்புவது இயல்பு. அப்படிக் கட்டியதும் அந்த அழகான இடம் இல்லாமல் போய்விடுகிறது. அதன் மேல் வீடு நிற்கிறது. சிதைந்த பகுதியில் வீட்டைக் கட்டி அழகான பகுதியை அதன் பார்வைக்கு விட்டால், காயம்பட்ட நிலம் சீராகிறது, நல்ல நிலம் அப்படியே மிஞ்சுகிறது. இந்த ஒரு முடிவு, பின்னால் எடுக்கப்படும் பத்து முடிவுகளுக்குச் சமம்.

கலிபோர்னியாவின் வடக்குக் கடற்கரையில் 1960-களில் உருவான சீ ரேஞ்ச் குடியிருப்பு இந்த முறைக்குத் தெளிவான முன்மாதிரி. நிலவமைப்புக் கலைஞர் லாரன்ஸ் ஹால்ப்ரின் தலைமையில், கடற்காற்றும் சரிவும் பழைய சைப்ரஸ் மரவேலிகளும் முதலில் ஆராயப்பட்டன. வீடுகள் மரவேலிகளை ஒட்டிக் கொத்தாக வைக்கப்பட்டன. இடையிலுள்ள புல்வெளிகள் பொதுவாகத் திறந்து விடப்பட்டன. கூரைகள் காற்றின் போக்குக்கு ஏற்பச் சாய்க்கப்பட்டன. காற்று பற்றித் தூக்காதபடி இறவாரம் நீட்டப்படவில்லை. மரப்பலகைச் சுவர்கள் வண்ணம் பூசப்படாமல் வெயிலிலும் உப்புக்காற்றிலும் சாம்பல் நிறம் கொள்ள விடப்பட்டன. அந்தக் கூரைகளின் சாய்வு பின்னர் வேறு பல இடங்களில் நகலெடுக்கப்பட்டது. காற்று இல்லாத இடத்தில் அந்தச் சாய்வுக்குப் பொருள் இல்லை. நகலெடுக்கத் தகுந்தது நிலத்தை ஆராய்ந்த முறையே.

சரிவில் ஒரு கணக்கு

சரிவான நிலத்தை வெட்டியும் நிரப்பியும் சமமாக்குவதே நிலத்துக்கு நேரும் மிகப் பெரிய சேதம். அது எவ்வளவு, எப்படிக் குறையும் என்பதை எண்களில் பார்ப்பது பயன்தரும்.

ஐந்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில், 120 சதுர மீட்டர் தளம் கொண்ட வீடு அமைவதாகக் கொள்வோம்.

1. வீடு சரிவின் போக்கில் 10 மீட்டரும் குறுக்கே 12 மீட்டரும் இருந்தால், தளத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உயர வேறுபாடு 2 மீட்டர். முழுவதும் வெட்டிச் சமப்படுத்தினால் 120 கனமீட்டர் மண் வெளியேறும்; பின்புறம் மண் சரியாமல் தடுக்க 2 மீட்டர் உயரத் தாங்குசுவர் தேவைப்படும்.

2. அதே பரப்பை சரிவின் போக்கில் 6 மீட்டர், சம உயரக் கோட்டின் போக்கில் 20 மீட்டர் என நீட்டினால், உயர வேறுபாடு 1.2 மீட்டராகிறது. வெட்டும் மண் 72 கனமீட்டர்.

3. அந்த 6 மீட்டரையும் இரண்டு படிகளாக்கி, ஒரு பாதித் தளத்தை மற்றதைவிட 60 சென்டிமீட்டர் தாழ்த்தினால், வெட்டும் மண் 36 கனமீட்டராகக் குறைகிறது.

பரப்பு மாறவில்லை, மண்வெட்டு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. இதைவிட முக்கியமான விளைவு தாங்குசுவரில் இருக்கிறது. சுவரின் பின்னால் உள்ள மண் தரும் மொத்த அழுத்தம் சுவர் உயரத்தின் வர்க்கத்துக்கு (உயரத்தை அதனாலேயே பெருக்கிய அளவுக்கு) ஏற்பக் கூடும். 2 மீட்டர் சுவர் 1.2 மீட்டராகும்போது, ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் விழும் அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கினால் இந்த அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகலாம். சரிவில் சாயும் தாங்குசுவர்களில் பலவற்றுக்கு, சுவரின் வலுக்குறைவைக் காட்டிலும் பின்னால் ஜல்லி நிரப்பாததும் நீர் கசியத் துளை விடாததுமே காரணம்.

மண்ணை வெட்டாமலே கட்டும் வழியும் உண்டு: வீட்டைத் தூண்கள் மேல் நிறுத்தி, சரிவையும் நீரோட்டத்தையும் அடியில் தொடர விடுவது. 2002-இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் கிளென் மர்கட்டின் வீடுகள் சிலவற்றில் இதைக் காணலாம். நெளிவுத் தகரக் கூரையும் மெல்லிய எஃகுச் சட்டங்களும் கொண்ட அவருடைய வீடுகள் பாறையையோ மரத்தையோ உருவத்தில் ஒத்திருப்பதில்லை. ஆயினும் அவை நிலத்தைத் தொடும் இடங்கள் சில. வெயிலையும் காற்றையும் மழையையும் கையாளும் விதம் நுணுக்கமானது. முதல் அடுக்கில் தேறிய வீடு மூன்றாவது அடுக்கில் இயற்கையைப் போலி செய்யத் தேவையில்லை என்பதற்கு அவை நல்ல சான்று.

தூண் மீது நிற்கும் வீட்டுக்கும் விலை உண்டு. முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் ஏற, நீண்ட சாய்தளம் வேண்டும். தளத்தின் அடிப்பக்கத்துக்கு வெப்பக்காப்பு வேண்டும். தூண்களின் அடித்தளம் உறுதியான மண்வரை இறங்க வேண்டும். எந்தச் சரிவுக்கு எது பொருந்தும் என்பதை மண் ஆய்வு சொல்ல வேண்டுமே தவிர, ஒளிப்படம் சொல்லக் கூடாது.

மரத்தைக் காப்பது என்றால் வேரைக் காப்பது

மரத்தை வெட்டாமல் வீடு கட்டினோம் என்று பெருமையோடு சொல்லப்படும் பல இடங்களில், சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மரம் உச்சியிலிருந்து பட்டுப்போகத் தொடங்குகிறது. காரணம் மண்ணுக்குள் நிகழ்ந்த சேதம். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளேயே பரவியிருக்கிறது. கிளைகளின் பரப்பையும் தாண்டிச் செல்கிறது. வேர்களுக்கு நீர் மட்டுமல்லாமல் காற்றும் வேண்டும். அந்த மண்ணின் மேல் லாரி ஓடினாலும், செங்கல் அடுக்கினாலும், அரையடி மண் கொட்டி நிரப்பினாலும், மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்று வெளியேறி வேர் மூச்சடைக்கிறது. மரம் உடனே சாவதில்லை என்பதால் காரணம் யாருக்கும் தெரிவதில்லை.

பிரிட்டிஷ் தரநிலை 5837 இதற்கு எளிய அளவொன்றைத் தருகிறது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது, மரத்தைச் சுற்றிக் காக்க வேண்டிய வட்டத்தின் ஆரம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது 4.8 மீட்டர். அந்த வட்டத்துக்குள் குழி தோண்டுதல், பொருள் குவித்தல், வண்டி செல்லுதல், சிமெண்ட் கரைசல் கழுவுதல் எதுவும் கூடாது. வேலை தொடங்கும் முன்பே வேலி கட்டி, வேலை முடிந்த பிறகே அகற்ற வேண்டும்.

வீட்டின் ஒரு மூலை அந்த வட்டத்துக்குள் நுழைந்தே தீர வேண்டுமானால், அங்கே தொடர் அடித்தளக் குழி வெட்டாமல், வேர்களைத் தவிர்த்துத் தனித்தனிச் சிறு தூண்களை இறக்கி, தரைக்கு மேல் குறுக்கு விட்டத்தால் (பீம்) அவற்றை இணைக்கலாம். இதில் அதிகம் மறக்கப்படுவது கழிவுநீர்க் குழாயும் மின்வடமும் செல்லும் வாய்க்கால். வீடு மரத்தைச் சுற்றி வளைந்து சென்றிருக்கும். குழாய்க்கான குழியோ நேர்க்கோட்டில் வேர்களை அறுத்துக்கொண்டு போயிருக்கும். எனவே குழாய்களின் தடமும் மரங்களைக் காட்டும் அதே வரைபடத்தில் வரையப்பட வேண்டும்.

வெயிலும் காற்றும்

நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது அந்த இடத்தின் அட்சரேகையையும் நாளையும் பொறுத்தது. வடக்கு அட்சரேகை 40 பாகையில் ஜூன் 21 வாக்கில் அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 73.5 பாகை; டிசம்பர் 21 வாக்கில் 26.5 பாகை. தெற்கு நோக்கிய ஜன்னலின் மேல் விளிம்பை ஒட்டி 60 சென்டிமீட்டர் நீளும் சன்ஷேடு, கோடையில் 2 மீட்டர் ஆழத்துக்கு நிழல் தரும். குளிர்காலத்தில் 30 சென்டிமீட்டருக்கு மட்டுமே தரும். அதாவது ஒன்றரை மீட்டர் உயர ஜன்னல் கோடையில் முழு நிழலிலும், குளிர்காலத்தில் பெரும்பகுதி வெயிலிலும் இருக்கும். எந்த இயந்திரமும் இல்லாமல் ஒரு பலகை இந்த வேலையைச் செய்கிறது. தெற்கு அரைக்கோளத்தில் இதுவே வடக்கு ஜன்னலுக்குப் பொருந்தும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகே கணக்கு மாறுகிறது. வடக்கு அட்சரேகை 10 பாகையில் சூரியன் ஜூன் மாதத்தில் வடக்கிலும் டிசம்பரில் தெற்கிலும் நிற்பதால், இரு புறமும் நிழல் தேவை; தெற்கில் ஒன்றரை மீட்டர் ஜன்னலை டிசம்பர் நண்பகலில் முழுதும் மறைக்க ஏறத்தாழ 1 மீட்டர் நீட்சி வேண்டும். வெப்பப் பகுதி வீடுகளில் சுற்றுத் தாழ்வாரம் நிலைபெற்றதன் இயற்பியல் அடிப்படை இதுவே.

கிழக்கும் மேற்கும் எல்லா இடங்களிலும் சிக்கலானவை. மாலைச் சூரியன் 20 பாகைக்கு இறங்கும்போது, 60 சென்டிமீட்டர் சன்ஷேடு 22 சென்டிமீட்டர் நிழல்தான் தரும். அங்கே நீட்சி பயனற்றது; செங்குத்துப் பலகைகள், துளைச்சுவர், மரம் ஆகியவையே உதவும். அழகான காட்சி மேற்கில் இருக்கிறது என்பதற்காக அத்திசை முழுவதையும் கண்ணாடியாக்குவது, நவீன வீடுகளில் மீண்டும் மீண்டும் நிகழும் தவறு. பரந்த கண்ணாடிச் சுவரைவிட, உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் ஆழமான சட்டத்துக்குள் அமைந்த ஒரு ஜன்னல் அதே காட்சியைக் குறைந்த வெப்பத்தோடு தரும்.

காற்றைப் பொறுத்தவரை இரண்டு செயல்களை வேறுபடுத்திக் காண வேண்டும். குறுக்குக் காற்றோட்டம் என்பது ஒரு புறம் நுழைந்து எதிர்ப்புறம் வெளியேறுவது. அதற்கு அறை ஆழம் குறைவாக இருக்க வேண்டும், இரு புறமும் திறப்பு வேண்டும். சம உயரக் கோட்டை ஒட்டி நீண்டு ஒடுங்கிய வீடு மண்வெட்டைக் குறைப்பதை முன்பு கண்டோம். அதே ஒடுக்கம் காற்றோட்டத்துக்கும் துணை செய்கிறது. இரண்டாவது, சூடான காற்று இலேசாகி மேலெழுவதைப் பயன்படுத்துவது. உயரத்தில் வெளியேறும் திறப்பும் தாழ்வில் நுழையும் திறப்பும் இருந்தால், வெளியே காற்று அசையாத நாளிலும், வீட்டினுள் வெளியைவிட வெப்பம் கூடுதலாக இருக்கும்வரை, ஓட்டம் இருக்கும்.

சுவரின் கனமும் தட்பவெப்பத்தைப் பொறுத்தே அமைய வேண்டும். பகலில் கொதித்து இரவில் நன்கு குளிரும் வறண்ட பகுதியில், தடித்த மண்சுவரும் கற்சுவரும் பகல் வெப்பத்தைப் பல மணி நேரம் தாமதப்படுத்தி, உள்ளே சமநிலை தருகின்றன. இரவிலும் வெப்பம் குறையாத ஈரப்பதமான பகுதியில் அதே கனச்சுவர் சேமித்த வெப்பத்தைத் தூங்கும் நேரத்தில் வெளியிடுகிறது. அங்கே இலேசான சுவரும் நல்ல நிழலும் காற்றோட்டமுமே ஏற்றவை. மண்சுவர் எங்கும் குளிர்ச்சி தரும் என்ற நம்பிக்கை, பாதி உண்மையே.

கூரையில் விழும் மழை

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 150 சதுர மீட்டர் கூரையில் 60 மில்லிமீட்டர் மழை 9,000 லிட்டர். வீடு வருவதற்கு முன் அந்த நீரின் பெரும்பகுதி இலைகளில் தங்கியும் மண்ணில் இறங்கியும் போயிருக்கும். இப்போது சில குழாய்களின் வழியே ஓரிரு இடங்களில் வேகமாகக் கொட்டுகிறது. சரிவில் அரிப்பும் தாழ்வில் தேக்கமும் உண்டாவது இதனால்தான். சேமிக்கும் தொட்டி ஒரு பகுதியை ஏற்கும். மிஞ்சியதை, 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள செடிப்பள்ளத்தில் விட்டு மெல்ல இறக்கலாம். 20 சதுர மீட்டர் பள்ளம் 3,000 லிட்டரைத் தாங்கும். மணிக்கு 10 மில்லிமீட்டர் உறிஞ்சும் மண்ணில் அது 15 மணி நேரத்தில் வற்றிவிடும், கொசு பெருக இடம் இருக்காது. அடித்தளத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, சரிவின் கீழ்ப்புறத்தில் அமைக்க வேண்டும். நடைபாதையையும் வண்டி நிறுத்துமிடத்தையும் முழுதாகக் கான்கிரீட்டால் மூடினால் இந்த ஏற்பாடு அனைத்தும் வீணாகும்.

பொருளும் நிறமும்

சிமெண்ட் உற்பத்தி உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காட்டுக்குக் காரணமாக உள்ளது. ஆகவே, எந்தப் பொருள் என்பதற்கு முன், எவ்வளவு பொருள் என்பதே முதல் கேள்வி. தேவைக்கு மேல் ஓர் அறை கட்டிவிட்டு, அதை மண்கல்லால் கட்டினோம் என்று ஆறுதல் கொள்வதில் பொருளில்லை.

பிரிட்டனில் பிறந்து கேரளத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இந்தச் சிக்கனத்தை அழகாக மாற்றிக் காட்டியவர். எலிப்பொறிக் கட்டு என்று வழங்கும் முறையில் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு அவர் சுவர் எழுப்பினார். வழக்கமான சுவரைவிட ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சமானது, உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுத்தது. ஜன்னலுக்குப் பதில் பல இடங்களில் செங்கல் துளைச்சுவர் வைத்தார். அது நிழலும் காற்றும் ஒருங்கே தந்தது. மனையின் மரங்களையும் மேடுபள்ளங்களையும் ஒட்டிச் சுவரை வளைத்தார். பூச்சு இல்லாத செங்கல் அவருடைய அடையாளமாகிவிட்டது. அதன் வேர் தேவையில்லாததைச் சேர்க்காத மனப்பாங்கு.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பேர் ரன் ஓடையின் அருவிக்கு மேலேயே ஃபிராங்க் லாயிட் ரைட் 1935-இல் வடிவமைத்த ஃபாலிங்வாட்டர் வீட்டில், அங்கேயே வெட்டியெடுத்த மணற்பாறை சுவராகியிருக்கிறது. கணப்பு அடுப்பின் முன் இயற்கைப் பாறையொன்று தரையிலிருந்து அப்படியே எழுந்து நிற்கிறது. பொருளும் இடமும் இவ்வளவு ஒன்றிய வீடு வேறு உண்டா என்று வியக்கத் தோன்றும். ஆனால் ஓடையின் மேல் நீளும் கான்கிரீட் தளங்கள் பல பத்தாண்டுகளில் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் வரை தொய்ந்தன. 2002-இல் எஃகு வடங்களை இழுத்துக் கட்டி அவை வலுப்படுத்தப்பட்டன. இயற்கைக்கு நெருக்கமாகச் செல்லும் ஒவ்வொரு வடிவமைப்பும் பொறியியலில் கூடுதல் கவனத்தைக் கோருகிறது என்பதை அந்தத் தொய்வு காட்டுகிறது.

நிறத்தைப் பொறுத்தவரை, நிலக்காட்சியில் எடுத்துத் தெரிவது பெரும்பாலும் வெண்மையும் பளபளப்பும். மண், பட்டை, பாறை ஆகியவற்றின் நிறத்தைவிடச் சற்றே அடர்ந்த, மங்கலான நிறம் பின்னுக்குச் சென்றுவிடும்.

கண்ணாடியும் இரவு வெளிச்சமும்

மரமும் வானமும் பிரதிபலிக்கும் கண்ணாடியைப் பறவைகள் வெட்டவெளி என எண்ணி மோதுகின்றன. அமெரிக்காவில் ஆண்டுதோறும் இப்படி 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் இறப்பதாக 2014-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் ஏறத்தாழ 44 விழுக்காடு ஒன்று முதல் மூன்று மாடி வரையுள்ள வீடுகளில் நிகழ்பவை. காட்டை ரசிக்க வைத்த கண்ணாடியே காட்டின் பறவைகளைக் கொல்வது வேதனையான முரண். கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இட்டால் மோதல் வெகுவாகக் குறையும். வெளிப்புற வலையும் உதவும். ஒரேயொரு பருந்துப் படம் ஒட்டுவதால் பயன் மிகக் குறைவு.

இரவில் வெளியே சிதறும் வெண்ணொளி பூச்சிகளை ஈர்த்துச் சோர்வுறச் செய்கிறது. அவற்றை உண்ணும் உயிர்களின் வாழ்வையும் குலைக்கிறது. விளக்குகள் கீழ்நோக்கி மூடியிடப்பட்டு, மஞ்சள் சாயல் கொண்டு, தேவையான நேரத்தில் மட்டும் எரிவது போதும்.

ஒன்றோடொன்று மோதும் தேவைகள்

மேலே கூறியவற்றை எல்லாம் ஒரே வீட்டில் முழுமையாக நிறைவேற்ற இயலாது. மோதும் இடங்களை முன்கூட்டியே அறிந்திருந்தால் தேர்வு தெளிவாகும்.

1. மரநிழலும் தீயும். காட்டுத்தீ அபாயமுள்ள பகுதியில் பல வீடுகள் தீச்சுவாலை நேரடியாகத் தீண்டுவதற்கு முன்பே, காற்றில் பறந்து வரும் தணல் விழுந்து எரிகின்றன. அங்கே சுவரிலிருந்து முதல் 1.5 மீட்டருக்குள் எரியக்கூடிய செடி, விறகு, மரவேலி எதுவும் இருக்கக் கூடாது. கூரைக்காற்றுத் துளைகளுக்கு நுண்வலை வேண்டும். மரங்களுக்கிடையே மறைந்த வீடு என்ற ஆசையை அத்தகைய இடத்தில் கைவிடத்தான் வேண்டும்.

2. வெளிறிய கூரையும் மறைந்த கூரையும். வெண்கூரை வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் குன்றின் மேலிருந்து பார்க்கக் கண்ணைக் கூசும். வெப்பப் பகுதியில், மேலிருந்து பார்வை இல்லாத மனையில், வெண்மையே சரி. பார்வை உண்டெனில் அடர்நிறத்துக்குக் கீழே காற்றிடைவெளியும் வெப்பக்காப்பும் சேர்க்க வேண்டும்.

3. பசுமைக்கூரையும் எடையும். மெல்லிய மண்ணடுக்குக் கூரைகூட நீர் நிறைந்த நிலையில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 முதல் 150 கிலோ எடை கூட்டும். அதைத் தாங்கக் கூடுதல் கான்கிரீட்டும் எஃகும் தேவைப்பட்டால், கிடைக்கும் பயனை அந்தச் செலவோடு ஒப்பிட வேண்டும். தரையில் மண்ணைத் திறந்து விட இடமிருக்கும்போது கூரைக்கு மண் ஏற்றுவது பெரும்பாலும் இரண்டாந்தரத் தேர்வு.

4. தனிமையும் தடமும். சிதையாத காட்டின் நடுவே நிற்கும் வீட்டுக்குச் சாலையும் மின்கம்பியும் நீர்க்குழாயும் செல்ல வேண்டும். வீடு எவ்வளவு மென்மையாக வடிவமைக்கப்பட்டாலும், அதற்குச் செல்லும் சாலை வீட்டைவிட அதிக நிலத்தை வெட்டக்கூடும். ஏற்கெனவே சாலை உள்ள விளிம்பில் வீட்டை நிறுத்துவதே அங்கே நேர்மையான முடிவு.

வரைபடத்திலிருந்து வேலைத்தளத்துக்கு

நல்ல வடிவமைப்பு பெரும்பாலும் கட்டும் மாதங்களிலேயே குலைகிறது. வரைபடத்தில் காத்த மரத்தின் அடியில் கலவை இயந்திரம் நிற்கும். விட்டுவைத்த புல்வெளியில் ஜல்லி குவியும். எனவே ஒப்பந்தம் எழுதும்போதே நான்கு செய்திகளை அதில் சேர்ப்பது அவசியம்: வேலை நடக்கும் எல்லை வீட்டின் சுவரிலிருந்து எத்தனை மீட்டர், வண்டிகள் வரும் ஒரே பாதை எது, பொருள் குவிக்கும் இடம் எது, அகற்றும் மேல்மண்ணை எங்கே தனியாகச் சேமித்து எப்போது திரும்பப் பரப்புவது. வண்டிப்பாதையை, பின்னால் நிரந்தர வழியாகப்போகும் அதே தடத்தில் அமைத்தால் ஒரு தடத்தின் சேதம் மிச்சம். மேல்மண்ணை ஏறத்தாழ 2 மீட்டருக்கு மேல் உயராத குவியலாக வைக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் அடியிலுள்ள மண்ணில் காற்றுக் குறைந்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் நலிவடையும். கலவை இயந்திரமும் கழுவும் தொட்டியும் மரவட்டங்களுக்கு வெளியே, சரிவின் கீழ்ப்புறத்தில், நீர்த்தடத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். சிமெண்ட் கலந்த நீர் காரத்தன்மை மிகுந்தது, வேர்களையும் நீர்வாழ் உயிர்களையும் தாக்கும். மரங்களைக் காக்கக் கட்டிய வேலியை அகற்றும் நாள், கடைசி லாரி வெளியேறிய பிறகான நாளாகவே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.